மைசூர்க் கடற்படையும் பாராமகாலும்

மைசூர்க் கடற்படை என்பது ஐதர் அலியும் அவருடைய மகன் திப்பு சுல்தானும் 1763 முதல் 1799 வரை மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் உருவாக்க முயன்ற போர்க்கப்பல் அணியாகும். அக்காலத்தில் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் திருப்பத்தூர்ப் பகுதியும் பாராமகால் என்று அழைக்கப்பட்டன. அந்நிலப்பகுதி பெரும்பாலும் மைசூர் அரசின் கையில் இருந்தது. பழந்தகடூரான தருமபுரிக்குக் கடற்கரை கிடையாது. மாவட்டத்து மக்கள் அறிந்த ஒரே நீர்க்கலம் ஒகேனக்கல்லில் காவிரியைக் கடக்கும் பரிசல். ஆயினும் 1768, 1780-83, 1790-92 ஆகிய மூன்று காலகட்டங்களிலும் பாராமகால் யார் கையில் இருக்கும் என்பதைக் கடலில் நடந்தவையும் சேர்ந்தே முடிவு செய்தன. மைசூரின் குதிரைப்படை வலிமையையும் ராக்கெட்டுகளையும் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அதன் கப்பல்களைப் பற்றிய பேச்சு அரிது.

பின்னணி: கணவாய்களும் துறைமுகங்களும்

பாராமகால் மைசூர் மேட்டுநிலத்துக்கும் கர்நாடகச் சமவெளிக்கும் இடையில் படிக்கட்டு போல அமைந்த நிலம். மேற்கே இராயக்கோட்டை வழியாக மேட்டுநிலத்துக்கு ஏறலாம். தெற்கே தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலத்துக்கும், கிழக்கே செங்கம் கணவாய் வழியாகத் திருவண்ணாமலைக்கும் இறங்கலாம். சென்னையைத் தாக்க விரும்பும் மைசூர்ப் படையும், ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாக்க விரும்பும் ஆங்கிலப் படையும் இந்தப் படிக்கட்டைத் தாண்டியே போக வேண்டும்.

படை நடப்பது என்றால் மாடு நடப்பது என்றே பொருள். பதினெட்டாம் நூற்றாண்டுப் படையின் அரிசி, வெடிமருந்து, பீரங்கி எல்லாம் பொதிமாட்டின் முதுகிலோ வண்டியிலோ வந்தன. மாட்டுக்குத் தீவனமும் தண்ணீரும் வேண்டும். ஐதர் இதை நன்கு அறிந்தவர். எதிரி வரும் வழியில் உள்ள ஊர்களைக் காலி செய்து, வைக்கோற்போரை எரித்து, கிணறுகளைக் கெடுத்துவிட்டால் எதிரிப் படை தானே திரும்பும். இந்த உத்தியால் பாராமகாலின் உழவர்கள் இரண்டு பக்கப் படைகளாலும் பலமுறை துன்புற்றனர். உத்தி என்ற அளவில் அது வென்றது. ஆனால் சென்னைக்கு அரிசி மாட்டின் மேல் வரவில்லை. வங்காளத்திலிருந்து கப்பலில் வந்தது. நிலத்தில் ஆங்கிலேயரின் வளத்தை அழிக்கத் தம்மால் முடியும், ஆனால் கடலை வற்ற வைக்க முடியாது என்று ஐதர் தம் இறுதிக் காலத்தில் கூறியதாக மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் பதிவு செய்துள்ளார். அக்கூற்று அப்படியே ஐதர் வாயிலிருந்து வந்ததா என்பது வேறு செய்தி. அது அப்போரின் நிலையைச் சரியாகச் சொல்கிறது.

முதல் கடற்படையும் 1768-இன் இழப்பும்

1763-இல் ஐதர் பெதனூர் நாட்டைக் கைப்பற்றினார். அதனுடன் மங்களூர், ஹொன்னாவர் முதலிய துறைமுகங்கள் கிடைத்தன. கடலே பார்க்காத அரசுக்குத் திடீரென நீண்ட கடற்கரை வந்து சேர்ந்தது. ஐதர் உடனே கப்பல் கட்டத் தொடங்கினார். கண்ணூரின் அலி ராஜா கடற்படைக்குத் தலைமை ஏற்றார். அவர் மாலத்தீவுக்குப் படையெடுத்துச் சென்று அங்கிருந்த சுல்தானைச் சிறைப்பிடித்துக் குருடாக்கியதாகவும், அச்செயலால் சினமடைந்த ஐதர் அவரைத் தலைமையிலிருந்து நீக்கியதாகவும் ஐதரிடம் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் ஒருவரின் நூல் கூறுகிறது.

அந்த அணியின் கலங்கள் மேற்குக் கடற்கரைக்கே உரியவை. குராப் என்பது அகன்ற உடலும் நீண்டு தாழ்ந்த முன்பகுதியும் கொண்ட இரண்டு அல்லது மூன்று பாய்மரக் கலம். அந்த முன்பகுதியில் நேர்முன்னே சுடும் பீரங்கிகள் வைக்கப்பட்டன. கல்லிவாட் என்பது துடுப்பும் பாயும் கொண்ட சிறு கலம். காற்று அடங்கிய நேரத்தில் கல்லிவாட்டுகள் குராப்பை இழுத்துச் செல்லும். காற்றில்லாமல் அசையாது நிற்கும் பெரிய கப்பலின் பின்புறமாக வந்து சுடுவது இவற்றின் போர்முறை. மராத்தியக் கடல்தலைவர்களான ஆங்கிரேக்கள் இம்முறையில் ஐரோப்பிய வணிகக் கப்பல்கள் பலவற்றைப் பிடித்தனர். கரையோரத்தில் இது சிறந்த முறை. ஆழ்கடலில் பக்கவாட்டில் முப்பது, நாற்பது பீரங்கிகள் வைத்த கப்பலை எதிர்கொள்ள இது போதாது.

முதலாம் ஆங்கில-மைசூர்ப் போர் 1767-இல் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் சண்டைகள் நடந்தன. கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படைக்குப் பாராமகாலில் நிலைத்து நிற்க முடியவில்லை. அப்போது ஆங்கிலேயர் கடல்வழியைப் பயன்படுத்தினர். 1768 தொடக்கத்தில் பம்பாயிலிருந்து ஒரு கப்பல் அணி மைசூரின் மேற்குக் கரைக்கு வந்தது.

ஐதர் தம் கடற்படைக்கு லுத்ஃப் அலி பேக் என்ற குதிரைப்படை அதிகாரியைத் தலைவராக நியமித்திருந்தார். கடல் தெரிந்த கப்பல் தலைவர்களுக்கு இது அவமதிப்பாகப் பட்டது. ஆங்கில அணி ஹொன்னாவருக்கு எதிரே வந்தபோது இரண்டு கப்பல்களும் இரண்டு குராப்புகளும் பத்துக் கல்லிவாட்டுகளும் போரிடாமல் எதிரியுடன் சேர்ந்துகொண்டன. மைசூரின் முதல் கடற்படை இவ்வாறு முடிந்தது. பொன்னைச் செலவிட்டுச் சில ஆண்டுகளில் கட்டிய அணி ஒரே நியமனத்தால் போனது. மங்களூரும் ஆங்கிலேயர் வசமானது.

இதன் விளைவு தருமபுரியில் தெரிந்தது. கரையை மீட்க ஐதர் பாராமகாலில் சிறு படையை மட்டும் விட்டுவிட்டுப் பெரும்படையுடன் மேற்கே சென்றார். அந்த இடைவெளியில் ஸ்மித் காவேரிப்பட்டணத்தைப் பிடித்துக் கிருஷ்ணகிரிக் கோட்டையை வளைத்தார். மே மாதத்தில் கிருஷ்ணகிரி பணிந்தது. கர்னல் வுட் தென்கரைக்கோட்டையையும் தருமபுரியையும் கைப்பற்றிச் சேலம், நாமக்கல், ஈரோடு எனத் தெற்கே சென்றார். ஐதர் மே மாதத்தில் மங்களூரை மீட்டு, ஆண்டின் இறுதியில் திரும்பி வந்து இக்கோட்டைகளையும் ஒவ்வொன்றாக மீட்டார். 1769-இல் சென்னைக்கு வெளியே வரை வந்து உடன்படிக்கை செய்துகொண்டார். நிலத்தில் அவர் வெற்றியாளர். ஆனால் மேற்கே சில கப்பல்கள் தோன்றியதும் கிழக்கே தருமபுரி காவலற்றுப் போனது என்ற பாடத்தை ஆங்கிலேயர் மறக்கவில்லை.

செப்புத் தகடு: கப்பலின் அடியில் நடந்த மாற்றம்

கடற்போரைப் பொருளாகக் கொண்ட கணினி விளையாட்டுகளில் ஆடுபவர் பொன் சேர்ந்ததும் கப்பலின் உடல், பீரங்கி, பாய் ஆகியவற்றைப் படிப்படியாக மேம்படுத்துவார். விலை கொடுத்த மறுநொடியே மேம்பாடு வந்துவிடும். 1770-களில் உண்மையான கப்பல்களுக்கும் அப்படியொரு மேம்பாட்டுக் காலம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்குத் துறையும் தச்சரும் ஆண்டுகளும் தேவைப்பட்டன.

மரக்கப்பலின் முதல் எதிரி கடற்புழு. வெப்பக் கடல்களில் அது பலகையைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். இரண்டாவது எதிரி அடிப்பாகத்தில் படியும் பாசியும் ஒட்டுச்சிப்பியும். இவை சில மாதங்களில் தடித்துக் கப்பலின் வேகத்தைக் குறைக்கும். கப்பலைக் கரையில் சாய்த்து, சுரண்டி, எரித்து, தார் பூசுவதே பழைய வைத்தியம். அதுவரை அக்கப்பல் போருக்கு உதவாது. ஒகேனக்கல் பரிசல்காரர்களும் மூங்கில் பின்னலின் அடியில் தோலைப் போர்த்தி, அது நைந்ததும் மாற்றுவார்கள். அடிப்பகுதியைக் காப்பதுதான் கலத்தைக் காப்பது என்பது ஆற்றுக்கும் கடலுக்கும் பொது.

பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் அலாரம் என்ற பிரிகேட் கப்பலின் அடியில் மெல்லிய செப்புத் தகடுகளை அடித்துச் சோதித்தது. புழு நுழையவில்லை, பாசியும் படியவில்லை. ஆனால் ஒரு புதுச் சிக்கல் தோன்றியது. செம்பும் இரும்பும் கடல்நீரில் அருகருகே இருந்தால் இரும்பு அரிக்கப்படும். பலகைகளைப் பிணைத்த இரும்பு ஆணிகள் கரைந்தன. இதனால் இம்முறை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பரவவில்லை. பிரான்சுடன் போர் மூண்டபின் 1779 முதல் சார்லஸ் மிடில்டன் என்ற நிர்வாகியின் வற்புறுத்தலால் கப்பல்களுக்கு விரைந்து செப்புத் தகடு வேயப்பட்டது. செம்புக்கும் இரும்புக்கும் நடுவே தடித்த காகிதம் வைப்பது முதல் ஏற்பாடு. பின்னர் ஆணிகளையே செம்புக் கலவையில் வார்த்தனர்.

செப்படி கொண்ட கப்பலின் நன்மை வேகம் மட்டுமன்று. அது துறைக்குத் திரும்பாமல் நீண்ட நாள் கடலில் நிற்கும். இருபது கப்பல்கள் உள்ள அணியில் பழுதுபார்ப்புக்கு எப்போதும் ஐந்தோ ஆறோ போய்விடும் நிலை மாறினால், புதுக்கப்பல் கட்டாமலேயே அணி பெருகும். ஆனால் அணியில் பாதிக்குச் செப்படியும் பாதிக்கு மரஅடியும் இருந்தால் பயன் குறையும். வேகமான கப்பல் மெதுவான கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

1780: மங்களூர் எரிந்த நாள்

1768-க்குப் பின் ஐதர் மீண்டும் கட்டினார். 1770-களின் இறுதியில் ஐரோப்பியத் தச்சர்களின் உதவியுடன் மேற்குக் கரையில் புதிய கப்பல்கள் உருவாயின. 1780 ஜூலையில் அவருடைய பெரும்படை பாராமகாலைக் கடந்து செங்கம் கணவாய் வழியாகச் சமவெளியில் இறங்கியது. செப்டம்பரில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. தென்னிந்தியாவில் ஆங்கிலேயர் கண்ட மிகப் பெரிய தோல்விகளுள் அது ஒன்று.

அதே ஆண்டு டிசம்பரில் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் மங்களூர்த் துறைக்குள் நுழைந்து, நங்கூரமிட்டிருந்த மைசூரின் பெரிய கப்பல்களையும் பல சிறு கலங்களையும் அழித்தார். ஐதரின் கடற்படை இரண்டாவது முறையாக இல்லாமல் போனது. இம்முறை துரோகம் இல்லை. துறையில் நிற்கும் கப்பல்களைக் காக்கக் கரைக் கோட்டையின் பீரங்கிகள் மட்டும் போதும் என்ற நம்பிக்கைதான் பிழைத்தது. இனிக் கடலுக்குப் பிரெஞ்சுக்காரரையே நம்ப வேண்டும்.

அந்த நம்பிக்கைக்கு இரண்டு மாதத்தில் சோதனை வந்தது. 1781 தொடக்கத்தில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் கடலூரில் சிக்கிக்கொண்டார். சுற்றுப்புறம் முழுவதையும் ஐதர் வெறுமையாக்கியிருந்தார். கூட்டின் படைக்குச் சோறு கடல்வழியே வந்தால் மட்டுமே உண்டு. அப்போது கடலில் நின்றது தோர்வ் தலைமையிலான பிரெஞ்சு அணி. எதிர்க்க ஆங்கிலப் போர்க்கப்பல் எதுவும் அக்கரையில் இல்லை. இன்னும் சில நாள் நிற்கும்படி ஐதர் வேண்டினார். நீரும் உணவும் குறைவு என்று காரணம் கூறித் தோர்வ் பிப்ரவரி நடுவில் மொரீஷியசுக்குத் திரும்பிவிட்டார். சென்னையிலிருந்து அரிசிக் கப்பல்கள் வந்தன. ஜூலை 1-இல் பரங்கிப்பேட்டையில் கூட் ஐதரை வென்றார். இந்தப் போர்கள் அனைத்திலும் ஒரு துப்பாக்கிகூடச் சுடப்படாத அந்தப் பிப்ரவரி வாரமே மிகவும் தீர்மானகரமானது எனலாம்.

சஃப்ரேனும் ஹியூஸும்

1782 பிப்ரவரியில் தோர்வ் இறந்தார். அணியின் தலைமை பியேர் ஆந்த்ரே தெ சஃப்ரேனிடம் வந்தது. பருத்த உடலும் சுடுசொல்லும் கொண்ட அவர், தம் காலத்துப் பிரெஞ்சுக் கடல்தலைவர்கள் பலருக்கு மாறாக, எதிரியின் அணியை அழிப்பதே நோக்கம் என்று கருதியவர்.

அக்காலக் கடற்போர் வரிசைப் போர் எனப்பட்டது. 64 அல்லது 74 பீரங்கிகள் கொண்ட கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கயிறு கட்டியது போல் செல்லும். எதிரி வரிசையும் இணையாகச் செல்லும். பீரங்கிகள் கப்பலின் இரு பக்கங்களில் இருப்பதால் பக்கத்தைக் காட்டினால்தான் சுட முடியும். கப்பலின் முன்னும் பின்னும் பலவீனமானவை. எதிரி குறுக்கே கடந்து பின்புறத்தில் சுட்டால் குண்டு கப்பலின் நீளம் முழுவதும் உருண்டு போகும். இதைத் தடுக்கவே வரிசை. காற்று வரும் பக்கத்தில் நிற்பவருக்கு எப்போது நெருங்குவது என்று தீர்மானிக்கும் உரிமை கிடைக்கும். காற்றுக்குக் கீழே நிற்பவர் விலகிப்போகலாம், தாமாக நெருங்க முடியாது. ஆங்கிலப் பீரங்கியாளர் எதிரியின் உடலைக் குறிவைப்பர். பிரெஞ்சுக்காரர் பாய்களையும் பாய்மரங்களையும் குறிவைப்பர். முதல் முறை ஆட்களைக் கொல்லும், இரண்டாவது கப்பலை நிறுத்தும்.

வரிசைக்கு வரிசை மோதினால் இரு பக்கமும் சம அளவில் சேதமடைந்து பிரியும். சஃப்ரேன் இதை மாற்ற விரும்பினார். எதிரி வரிசையின் பின்பகுதியை மட்டும் தேர்ந்து, அதன் இரு பக்கங்களிலும் தம் கப்பல்களை நிறுத்தி, முன்பகுதி திரும்பி வருவதற்குள் முடித்துவிடுவது அவருடைய திட்டம். 1782 பிப்ரவரி 17-இல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் அதை முயன்றார். பிரெஞ்சுக் கப்பல்கள் 12, ஆங்கிலக் கப்பல்கள் 9. பின்வரிசையில் இருந்த எக்சீட்டர் நொறுங்கியது, அதன் கேப்டன் ரெய்னால்ட்ஸ் இறந்தார். ஆனால் சஃப்ரேனின் கேப்டன்கள் பலர் கொடிக் குறிப்புகளைப் புரிந்துகொள்ளாமலோ புரிந்தும் செய்யாமலோ தூரத்தில் நின்றனர். அணியில் சில கப்பல்களுக்கே செப்படி இருந்ததும் நெருங்கிச் சேர்வதைக் கெடுத்தது. போர் முடிவின்றி நின்றாலும், பிரெஞ்சுப் படைவீரர்கள் பரங்கிப்பேட்டையில் இறங்கி ஐதருடன் சேர்ந்தனர். ஏப்ரலில் கடலூர் அவர்கள் கைக்கு வந்தது.

ஏப்ரல் 12-இல் இலங்கையின் கிழக்குக் கரையில் புரோவிடியன் பாறைக்கு அருகே அடுத்த மோதல். ஒவ்வொரு தரப்பிலும் 137 பேர் இறந்தனர். இந்தச் சமன் தற்செயலானது. ஆனாலும் வரிசைப் போரின் தன்மையை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஜூலை 6-இல் நாகப்பட்டினத்துக்கு எதிரே பதினொன்றுக்குப் பதினொன்று. நண்பகலுக்குப் பின் காற்று திடீரெனத் திசை மாறி இரு வரிசைகளையும் கலைத்தது. அதில் பிரெஞ்சுக்காரர் 178 பேரை இழந்தனர், ஆங்கிலேயர் 77 பேரை.

ஜூலை இறுதியில் பாகூருக்கு அருகே ஐதரும் சஃப்ரேனும் நேரில் சந்தித்தனர். கடலை அறியாத அரசர், நிலப்படையை அறியாத அட்மிரல். சஃப்ரேனிடம் பணமில்லை, பாய்மரமில்லை, பழுதுபார்க்கத் துறையில்லை. சிறு கப்பல்களின் பாய்மரங்களைப் பிடுங்கிப் பெரிய கப்பல்களில் நட்டு அணியை நடத்திக்கொண்டிருந்தார். ஐதரிடம் பணமும் மாடும் அரிசியும் இருந்தன. ஆகஸ்டில் சஃப்ரேன் தம்மிடம் இருந்த ஆங்கிலக் கைதிகளை ஐதரிடம் ஒப்படைத்தார். அவர்களுக்கு உணவளிக்க வழியில்லை என்பது அவர் கூறிய காரணம். ஐரோப்பாவில் அச்செயல் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது.

துறைமுகச் சிக்கல்

இரு அட்மிரல்களின் திறமையைவிடச் சோழமண்டலக் கரையின் அமைப்பே போரை வழிநடத்தியது. சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் எதுவும் அக்காலத்தில் பெருங்கப்பல் உள்ளே புகும் துறைமுகம் அல்ல. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிடும். சரக்கும் ஆட்களும் அலையைத் தாண்டி மசூலாப் படகுகளில் கரை சேர வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் இந்தக் கரையில் நிற்பது தற்கொலை. ஹியூஸ் ஒவ்வோர் ஆண்டும் பம்பாய்க்குப் போவார். அங்கே உலர் கப்பல்துறையும், தேக்கு மரமும், வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்களும் இருந்தனர். உலர்துறையில் நீரை வெளியேற்றிக் கப்பலின் அடியைச் செப்பனிடலாம். பிரெஞ்சுக்காரருக்கு அத்தகைய இடம் அருகில் இல்லை. மொரீஷியஸ் தொலைவில் இருந்தது, அங்கும் பொருள் குறைவு.

வங்காள விரிகுடாவில் புயலுக்கு ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் திருகோணமலை ஒன்றே. ஹியூஸ் அதை 1782 ஜனவரியில் டச்சுக்காரரிடமிருந்து பிடித்திருந்தார். ஆகஸ்டு இறுதியில் சஃப்ரேன் அதைப் பறித்தார். மூன்று நாள் கழித்து ஹியூஸ் வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. செப்டம்பர் 3-இல் அதன் வெளியே நடந்த போர் சஃப்ரேனுக்குச் சாதகமாக இல்லை. அவருடைய கப்பலான எரோவின் நடுப்பாய்மரம் விழுந்தது. ஆனால் துறைமுகம் அவரிடம் இருந்தது. ஐந்து போர்களின் விளைவையும் சேர்த்தாலும் இந்த ஒரு பிடிப்புக்கு ஈடாகாது.

அக்டோபர் நடுவில் ஹியூஸ் சென்னையை விட்டுப் புறப்பட்ட இரவே கடும்புயல் வீசியது. சென்னைக்கு எதிரே நின்ற அரிசிக் கப்பல்கள் பல உடைந்தன. நகரில் பஞ்சம் தலைவிரித்தது. எந்தப் பீரங்கியும் செய்யாததைக் காற்று செய்தது. அவ்வேளையில் கடற்கரையில் வலுவான பிரெஞ்சு அணி நின்றிருந்தால் சென்னையின் நிலை என்ன என்ற கேள்வி எழுகிறது. ஆனால் அதே காற்றுக்கு அஞ்சிச் சஃப்ரேனும் சுமத்திராவின் ஆச்சேவுக்குப் போய்விட்டார்.

1783: மீண்டும் மேற்கே

1782 டிசம்பர் 7-இல் ஐதர் சித்தூருக்கு அருகே பாசறையில் இறந்தார். 1768-இன் கதை மறுபடி அரங்கேறியது. பம்பாயிலிருந்து கடல்வழி வந்த ஜெனரல் மாத்யூஸ் மேற்குக் கரையில் இறங்கி 1783 ஜனவரியில் பெதனூரைப் பிடித்தார். திப்பு தம் பெரும்படையைக் கிழக்கிலிருந்து பிரித்து, மலையேறி மேற்கே விரைந்தார். பெதனூரை மீட்டு மங்களூரை முற்றுகையிட்டார். கடலூரில் இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பெரும்பாலும் தனித்து விடப்பட்டார். ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட் கடலூரை வளைத்தார். ஹியூஸ் 18 போர்க்கப்பல்களுடன் கடலில் நின்றார்.

சஃப்ரேன் 15 கப்பல்களுடன் வந்தார். மாலுமிகள் நோயாலும் போராலும் குறைந்திருந்தனர். கடலூர்ப் பாசறையிலிருந்து 1,200 வீரர்களை ஏற்றிக்கொண்டார். அவர்களுள் சிப்பாய்களும் உண்டு. பீரங்கி இழுக்கக் கை வேண்டும் என்பதால் கடல் தெரியாதவர்களையும் கப்பலில் நிறுத்தினார். ஜூன் 20-இல் மாலை வரை நடந்த போரில் இரு பக்கமும் ஏறத்தாழ ஐந்நூறு பேர் வீதம் மாண்டனர் அல்லது காயமுற்றனர். எக்கப்பலும் மூழ்கவில்லை. ஆனால் குடிநீர் தீர்ந்து, சொறிநோய் பரவிய ஹியூஸின் அணி சென்னைக்குத் திரும்பியது. ஸ்டூவர்ட்டின் முற்றுகைப் படைக்குக் கடல்வழி உணவு நின்றது. கூட்டுக்கு 1781-இல் நேர்ந்திருக்க வேண்டியது இப்போது நேர்ந்தது. சில நாட்களில் ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி வந்து சண்டை நின்றது. திப்பு 1784 மார்ச்சில் மங்களூரில் தனியாக உடன்படிக்கை செய்தார். பாராமகால் அவரிடமே இருந்தது.

பாராமகாலின் இழப்பும் திப்புவின் ஆணையும்

மூன்றாம் போரில் பிரெஞ்சு அணி வரவில்லை. மேற்குக் கரையை ஆங்கிலப் பிரிகேட்டுகள் காவல் காத்தன. 1791 நவம்பரில் தலச்சேரிக்கு அருகே ரெசோலூ என்ற பிரெஞ்சு பிரிகேட்டை ஃபீனிக்ஸ் என்ற ஆங்கிலக் கப்பல் சோதனையிட முயன்றது, அது மறுத்துச் சுட்டது. இரு நாடுகளும் அமைதியில் இருந்த காலத்தில் சிறிது நேரம் போர் நடந்து பிரெஞ்சுக் கப்பல் பணிந்தது. திப்புவுக்கு உதவி போகிறதோ என்ற ஐயமே காரணம். அதற்குச் சில வாரம் முன்பு, அக்டோபர் இறுதியில், கர்னல் மாக்ஸ்வெல் பென்னாகரம் கோட்டையைத் தாக்கிப் பிடித்தார். 1792 மார்ச் மாத ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு கிழக்கே பாராமகாலையும் மேற்கே மலபாரையும் இழந்தார். படிக்கட்டும் போனது, கடற்கரையில் ஒரு பெரும்பகுதியும் போனது.

இதற்குப் பின்தான், 1796-இல், திப்பு மைசூரின் மிகப் பெரிய கடற்படைத் திட்டத்தை வெளியிட்டார். கடற்படை அதுவரை வணிகத் துறையோடு இணைந்திருந்தது. இப்போது மீர் யம் எனப்படும் பதினொருவர் கொண்ட தனி வாரியம் அமைந்தது. அவர்களின் கீழ் மீர் பகர் என்ற கடல்தலைவர்கள். கட்ட வேண்டியவை சுமார் நாற்பது கப்பல்கள், அவற்றுள் ஏறத்தாழப் பாதி வரிசைப் போருக்குரியவை, பெரியவற்றில் 72 பீரங்கிகள். மங்களூர் உட்பட மூன்று இடங்களில் கட்டுமானத் துறைகள். கப்பல்களின் அடியில் செப்புத் தகடு வேய வேண்டும் என்றும் ஆணை சொல்கிறது. சஃப்ரேனின் அணியும் ஹியூஸின் அணியும் பட்ட பாட்டிலிருந்து கற்ற பாடங்கள் ஏறத்தாழ முழுவதும் அத்தாளில் உள்ளன. 1768-இல் குதிரைவீரரைக் கடலுக்கு அனுப்பிய அரசு, இப்போது கடலுக்கென்றே அலுவலர் வரிசையை வகுத்தது. ஆனால் 72 பீரங்கிக் கப்பல் ஒன்றுக்கே அறுநூறு பேர் அளவில் வேண்டும். பயிற்சி பெற்ற மாலுமிகளை ஆணையால் உண்டாக்க முடியாது. மூன்று ஆண்டுகளே எஞ்சியிருந்தன. 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு இறந்தபோது அந்த அணி கடலில் இல்லை.

பாராமகாலை 1792 முதல் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு நிர்வகித்தார். அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி, நிலங்களை அளந்து, பின்னர் ரயத்துவாரி முறை எனப் பெயர்பெற்ற வரித்திட்டத்தைப் பயின்றார். கடல்வழி அரிசியால் பிழைத்த கூட்டின் படையில் இளம் அதிகாரியாக இருந்தவர் அவர். 1783-இல் கடலூர் முற்றுகையிலும் இருந்தார். 1799-இல் அவரை மங்களூரும் ஹொன்னாவரும் அடங்கிய கனரா நாட்டின் கலெக்டராக அனுப்பினர். கனராவின் ஓயாத மழையை வெறுத்த அவர், அங்கிருந்து எழுதிய கடிதங்களில் பாராமகாலின் பாறைக் குன்றுகளை நினைத்து ஏங்கினார்.